ஒலி என்னும் முள்



இல்லறத்தில் இருந்துகொண்டே அறநெறியில் ஒழுக முற்பட்டோர் நம்மிடம் அடிக்கடி வினவும் வினா ஒன்றுண்டு. "வீடோ பெருஞ்சாலையின்மேல் இருக்கிறது. விடியுமுன்பே வண்டிகள் தொடங்கிவிடுகின்றன, நள்ளிரவிலும் ஓய்வதில்லை. திரிசரணம் சொல்லிச் சிறிது நேரம் அமர்ந்தால் ஹாரன் அலறி நெஞ்சைத் தூக்கிப் போடுகிறது. இந்நிலையில் மனத்தை எங்ஙனம் அடக்குவது?" என்பதே அது. இவ்வினாவுக்கு நாம் நெடுங்காலம் ஒரே விடையைச் சொல்லி வந்தோம். அவ்விடை பிழையானது என்பதை ஒரு தாய் நமக்கு உணர்த்தினார். அப்பிழையையும் அதன் திருத்தத்தையும் எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

கொல்கத்தாவில் கேட்ட சொல்

சில ஆண்டுகளுக்கு முன் விகாரைகளைத் தரிசிக்கும்பொருட்டுக் கொல்கத்தா சென்றிருந்தோம். அநகாரிக தர்மபாலர் 1891ஆம் ஆண்டில் கொழும்பில் நிறுவிய மகாபோதி சபை, அடுத்த ஆண்டே தன் தலைமையிடத்தை அந்நகருக்கு மாற்றிக்கொண்டது. அச்சபையின் தர்மராஜிக சைத்திய விகாரை 1920இல் கல்லூரிச் சதுக்கத்தருகே எழுந்தது. கிருபாசரண் மகாஸ்தவிரர் 1892இல் தோற்றுவித்த பௌத்த தர்மாங்குர சபையும் அந்நகரிலேயே உள்ளது. இவை காட்டிலும் மலையிலும் ஒதுங்கி நிற்பவை அல்ல. மக்கள் நெரிசலின் நடுவே அறம் வளர்ப்பவை.

தங்குவதற்கு நம் தமிழ் உபாசகர் ஒருவரின் இல்லத்தில் இடமளித்தார்கள். முதல் மாடியில் இரண்டே அறைகள். முன்னறையின் ஜன்னலுக்குக் கீழே சாலை. ஒரு பேருந்தை மற்றொரு பேருந்து முந்த முயலும். நடத்துநர் வண்டியின் தகரத்தில் பட்பட்டென்று அடித்து ஊர்ப்பெயர்களைக் கூவுவார். பின்னால் நிற்கும் மோட்டார் வண்டிகள் யாவும் ஒருங்கே ஹாரன் ஒலிக்கும். அந்த முன்னறையில்தான் பத்து வயதுச் சிறுமி பாடம் படித்தாள். அங்கேதான் இரவில் அனைவரும் உறங்கினர். அங்கேதான் பகவன் புத்தரின் படமும் இருந்தது.

அவ்வம்மையார், குழந்தை பாடங்களில் பின்தங்குவதையும் தமக்கு உறக்கம் கெட்டுத் தலைவலி வருவதையும் சொல்லி வழி கேட்டார். நாமோ, "அம்மா, ஒலி வெளியே இருக்கிறது, துன்பம் உள்ளே இருக்கிறது. மனத்தை அடக்கினால் சாலை தானே அடங்கும். நாம் இங்கே மூன்று நாளாக நிம்மதியாகத் தியானம் செய்யவில்லையா?" என்று சொன்னோம்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்து, பிறகு, "ஐயா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இருபத்தைந்து வருஷம் தறிகளுக்கு நடுவில் நின்ற காது உங்களுடையது. சற்றுமுன் சமையற்கட்டிலிருந்து மூன்று தடவை சாப்பிடக் கூப்பிட்டேன், உங்களுக்குக் கேட்கவில்லை. என் மகளுக்குக் காது நன்றாகக் கேட்கிறதே, அவள் என்ன செய்வாள்?" என்றார்.

செவிடன் காதில் சங்கு ஊதினாற்போல் என்பது பழமொழி. அன்று அச்சங்கு நம் காதில் நன்றாகவே விழுந்தது. நாம் சமாதி என்று எண்ணி மகிழ்ந்திருந்தது சமாதியன்று. மில் நமக்குக் கொடுத்த காதுமந்தம்! நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் 85 டெசிபலுக்கு மேற்பட்ட இரைச்சலில் ஆண்டுக்கணக்காக நிற்போருக்கு உட்செவியின் மெல்லிய மயிரணுக்கள் அழிகின்றன. அழிந்தவை மீண்டும் முளைப்பதில்லை. விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலோ அவ்வளவைத் தாண்டியது. நாம் இழந்ததை நாம் அடைந்ததாக எண்ணி, அதையே ஒரு தாய்க்கு உபதேசமாகச் சொல்லிவிட்டோம்.

திரிபிடகம் காட்டும் இரு நிகழ்ச்சிகள்

அன்றிரவு, பகவன் இதுபற்றி என்ன அருளினார் என்று எண்ணிப் பார்த்தோம். சாலை இரைச்சலைப் பற்றித் திரிபிடகத்தில் இரண்டு நிகழ்ச்சிகள் உள்ளன. அவற்றுள் ஒன்றை மட்டுமே நாம் இதுகாறும் மேடைகளில் சொல்லி வந்திருக்கிறோம்.

அது மகாபரிநிர்வாண சூத்திரத்தில் வருவது. ஆளார காலாமர் சாலையோர மரத்தடியில் அமர்ந்திருந்தபோது ஐந்நூறு வண்டிகள் அவரருகே சென்றன. அவர் விழித்திருந்தும் அவற்றைக் காணவுமில்லை, கேட்கவுமில்லை என்று மல்லர் குலத்துப் புக்குசர் பகவனிடம் வியந்து கூறினார். அதற்குப் பகவன், ஆதுமை என்னும் ஊரில் இடி விழுந்து உழவர் இருவரும் எருதுகள் நான்கும் மாண்டபோதும், தாம் விழித்திருந்தே அவ்வொலியைக் கேளாதிருந்ததை எடுத்துரைத்தார்.

மற்றொன்று அங்குத்தர நிகாயத்தில் உள்ளது. பகவன் வைசாலியின் மகாவனத்தில் தங்கியிருந்தபோது, லிச்சவிக் குலத்துப் பெரியோர் பேரிரைச்சலுடன் தேர்களில் வந்தனர். அவ்விரைச்சலைக் கேட்ட முதிய பிக்குகள் சிலர், தியானத்திற்கு ஒலி முள்ளாகும் என்ற பகவனின் போதனையை நினைந்து, கோசிங்கம் என்னும் சாலமரக் காட்டிற்குச் சென்றுவிட்டனர். இதை அறிந்த பகவன் அவர்களைக் கடிந்தாரா? இல்லை. அவர்கள் செய்தது நன்று என்றே பாராட்டினார்.

ஒலியைக் கடந்து அமர்வது முற்றிய சாதகர்களின் நிலை. அதைப் புக்குசர் கேட்க உரைத்தார். ஒலியைவிட்டு விலகுவதோ முதிய பிக்குகளுக்கே ஏற்றதென்று பாராட்டினார். அப்பெரியோருக்கே முள்ளாயிருந்த ஒன்றைப் பத்து வயதுச் சிறுமியிடம் "பொறுத்துக்கொள்" என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? காலில் முள் தைத்தவனிடம் முதலில் காலை உரமாக்கிக்கொள் என்று யாரும் சொல்வதில்லை, முள்ளைத்தான் எடுக்கிறார்கள். ஆகவே, எடுக்கக்கூடிய முள்ளை எடுப்பது முதற்கடமை. எடுக்க முடியாதது எஞ்சுமானால் அதை மனத்தால் எதிர்கொள்வது அடுத்த கடமை. இம்முறைமையை நான்கு வாய்மைகளின் வழியே ஆராய்வோம்.

1. துக்கம்

ஒலியை அளக்கும் அலகு டெசிபல். இவ்வளவு கூட்டல் கணக்கில் ஏறுவதன்று. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிறது. செவிக்கு ஏறக்குறைய இரு மடங்காகத் தோன்றுகிறது. இந்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபலும் இரவில் 45 டெசிபலும் எல்லை என வகுத்துள்ளன. உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பிய வட்டாரத்துக்கு வெளியிட்ட அறிவுரையில், சாலைப் போக்குவரத்து ஒலி நாள் முழுமைக்குமான கணக்கில் 53 டெசிபலுக்கும், இரவில் 45 டெசிபலுக்கும் குறைவாக இருத்தல் வேண்டும் என்றது. எல்லை மீறிய இரைச்சல் உறக்கத்தைக் கெடுப்பதோடு, காலப்போக்கில் இதய நோய்க்கும் ஏதுவாகிறது. நாம் உறங்கினாலும் உடல் உறங்குவதில்லை. ஹாரன் ஒலிக்குந்தோறும் நாடி துடித்தெழுகிறது.

குழந்தைகளுக்கு விளையும் கேடு வேறொன்று. நியூயார்க் நகரில் நெடுஞ்சாலைக்கு நேர்மேலே கட்டப்பட்ட அடுக்குமாடி வீடுகளில் வாழ்ந்த குழந்தைகளைக் கோஹன், கிளாஸ், சிங்கர் என்னும் உளநூலார் ஆராய்ந்து 1973இல் முடிவை வெளியிட்டனர். சாலைக்கு அருகான கீழ்மாடிகளில் நெடுநாள் வாழ்ந்த குழந்தைகள், ஒத்த ஒலியுடைய சொற்களை வேறுபடுத்தி அறிவதிலும் வாசிப்பிலும் மேல்மாடிக் குழந்தைகளைவிடப் பின்தங்கியிருந்தனர். ஓயாத இரைச்சலைக் கேளாதிருக்கப் பழகும் குழந்தை, அதனுடன் சேர்த்துக் கேட்கவேண்டிய சொல்லையும் விட்டுவிடுகிறது என்பதே அவர்கள் கண்ட காரணம்.

இதனை உற்று நோக்குங்கள். "பழகிவிட்டது, இப்போது கேட்பதேயில்லை" என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அப்பழக்கம் அமைதியன்று, இழப்பு. செவிடு வேறு, சாந்தி வேறு.

2. துக்கோற்பத்தி

ஹாரன் ஏன் ஒலிக்கிறது? கொல்கத்தாவின் தனியார் பேருந்துகளில் ஓட்டுநரும் நடத்துநரும் விற்ற பயணச்சீட்டின் தொகையில் பங்கு பெறும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் பயணியை முன்னால் செல்பவன் ஏற்றிக்கொண்டால், பின்னால் வருபவனுக்கு அன்றைய கூலி குறையும். ஆகவே பந்தயம், ஆகவே ஹாரன், ஆகவே தகரத்தில் அடி. நம் உறக்கத்தைக் கெடுப்பவனும் கூலிக்காரனே. அவன் நாள் முழுதும் அவ்விரைச்சலின் நடுவே அமர்ந்து, தறிக்காரன் இழந்ததைப் போலவே தன் செவியை இழந்துகொண்டிருக்கிறான். இதனை அறிந்தால் அவன்மீது எழும் சினம் தணியும். அவனை அங்ஙனம் ஓட்டும் முறையின்மீது நம் கருத்துச் செல்லும்.

இனி உள்ளே விளையும் ஏதுவைக் காண்போம். வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று எனச் சார்பின் தோற்றத்தை நம் மணிமேகலை தமிழில் வைத்துள்ளது. செவி என்னும் வாயிலில் ஒலி வந்து படுவது ஊறு. அதனால் துன்ப நுகர்வு. நுகர்விலிருந்து "இது நில்லாதோ!" என்னும் வேட்கை. பிறகு, "வேண்டுமென்றே ஊதுகிறான், நம்மை மதியாதவன்" என்னும் பற்று. ஊறும் நுகர்வும் முதல் அம்பு. நாமே எய்துகொள்ளும் சினம் இரண்டாம் அம்பு. இரண்டாம் அம்பைப் பற்றி மட்டும் பேசி முதல் அம்பை மறப்பதே நாம் செய்த பிழை.

3. துக்க நிவாரணம்

முதல் அம்பைக் குறைக்க முடியுமா? முடியும். நியூயார்க்கில் உயர்மட்ட இரயில் பாதையருகே இருந்த பள்ளியொன்றில், பாதைப் பக்கத்து வகுப்புகளில் படித்த குழந்தைகள் மறுபக்கத்து வகுப்பினரைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்ததை 1975இல் வெளியான ஆய்வில் பிரான்சாஃப்ட் அம்மையார் காட்டினார். தண்டவாளத்தின் அடியில் ரப்பர் இட்டு, வகுப்பறை மேற்கூரையில் ஒலியடக்கும் பலகை பதித்தபின், அவ்வேறுபாடு மறைந்தது என்பதை 1981இல் வெளியிட்டார். குழந்தைகள் அதே குழந்தைகுலம். ஒலி மட்டுமே குறைந்தது.

4. நிவாரண மார்க்கம்

நற்காட்சி: எந்த ஒலி, எந்த நேரத்தில், எவ்வழியாக வருகிறது என்பதை ஒரு வாரம் ஏட்டில் குறித்து வாருங்கள். அமைதி மிக்க நேரம் எதுவென்று தெரியும். அந்நேரத்தையே தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

நற்செயல்: வீட்டினுள் செய்யத் தக்கவை இவை.

உறங்குமிடத்தையும் படிக்குமிடத்தையும் சாலையின் மறுபக்கத்திற்கு மாற்றுக. செலவில்லாத இவ்வொரு மாற்றமே பெரும்பயன் தரும். விருந்தினருக்காக முன்னறையை அழகாக வைத்துக்கொண்டு, குழந்தையை அதன் ஜன்னலோரம் படிக்கவைப்பது முறையன்று.

காற்று புகும் வழியெல்லாம் ஒலியும் புகும். ஜன்னற் பரப்பில் நூறில் ஒரு பங்கு திறந்திருந்தாலும், மற்றப் பகுதி எவ்வளவு கனமாயினும், தடுப்பு 20 டெசிபல் அளவோடு நின்றுவிடும். கொல்கத்தாவின் பழைய வீடுகளில் காணும் சாய்வுப் பலகை ஜன்னற் கதவுகள் காற்றுக்கு நல்லவை. ஒலியைத் தடுக்க மாட்டா. சாலைப்பக்கத்து ஜன்னலின் சந்துகளை ரப்பர் பட்டையாலும் மக்காலும் அடைத்து, இயலுமாயின் சிறிது இடைவெளி விட்டு உட்புறம் இரண்டாவது கண்ணாடி இடுக. கோடையில் வீட்டை முழுதும் மூடலாகாது. முற்றத்துப் பக்கத்தைத் திறந்துவைத்துக் காற்றைப் பெறுக. வீட்டினுள் அடுப்போ ஜெனரேட்டரோ எரியும்போது காற்றோட்டத்தை ஒருபோதும் அடைக்காதீர்கள்.

துணித்திரையும் முட்டை அட்டையும் அறையின் எதிரொலியைச் சிறிது குறைக்கும். வெளியொலியைத் தடுக்க மாட்டா. அவற்றுக்காகப் பணத்தை வீணாக்க வேண்டாம். மின்விசிறியின் ஒரு சீரான ஒலி, இடையிடையே எழும் ஒலிகளை ஓரளவு மறைக்கும். பெரியோர் இரவில் நுரைரப்பர்ச் செவியடைப்பான் இட்டுக்கொள்ளலாம். வெறும் பஞ்சு பயன்படாது. செவியில் சீழ் உள்ளோரும் சிறு குழந்தைகளும் மருத்துவரைக் கேளாமல் இடலாகாது.

நல்வாய்மை: சாலையை வெல்வதற்காகத் தொலைக்காட்சியின் ஒலியை ஏற்றுகிறோம், அதை வெல்வதற்காக நாம் உரக்கப் பேசுகிறோம், பேச்சு ஏசலாகிறது. சாதுமையில் மீன்பிடிப்போர் போல இரைந்த பிக்குகளைப் பகவன் வெளியே அனுப்பியதை நினைவிற்கொள்க. நம் சங்கங்களும் இவ்விடத்தில் தம்மை ஆராய்ந்துகொள்ளல் வேண்டும். வைசாக பூர்ணிமையிலும், அண்ணல் அம்பேத்கரின் பிறந்தநாளிலும் ஒலிபெருக்கியைத் தெருவெங்கும் கட்டி, நள்ளிரவு வரை ஒலிபரப்புவது எவ்வகை அறம்? கொல்கத்தாவின் சாலைச் சந்திப்புகளில் 2011ஆம் ஆண்டு முதல் ரவீந்திரநாதரின் பாடல்களை ஒலிபரப்பத் தொடங்கினர். பாட்டு இனிதே, ஆயினும் மூலைவீட்டில் நோயுற்றுக் கிடப்பவர் அதனை நிறுத்த முடியாது. கேட்க விரும்பாதவரை வலிந்து கேட்கச் செய்யும் உரிமை எவருக்கும் இல்லை என்னும் கொள்கையை, ஒலிபெருக்கி வழக்கொன்றில் நீதிபதி பகவதி பிரசாத் பானர்ஜி 1996இல் கல்கத்தா உயர்நீதிமன்றத்தில் நிலைநாட்டினார். அத்தீர்ப்பு மதவிழாக்களுக்கும் உரியது, நமக்கும் உரியது.

நல்லூக்கம்: குடிமக்கள் என்ற முறையில் முயல வேண்டுவனவும் உண்டு. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை, தவிர்க்க முடியாத நேரங்களில் அன்றிக் குடியிருப்புப் பகுதிகளில் ஹாரன் ஒலித்தலாகாது என்று 2005ஆம் ஆண்டு ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. பல சுருதிகளில் அலறும் ஹாரனை 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகள் தடை செய்துள்ளன. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலமாக வகுக்கப்படலாம். எல்லையைப் பத்து டெசிபலோ அதற்கு மேலோ ஒலி மீறுமானால், குடிமகன் முறையிட 2000ஆம் ஆண்டு விதிகள் இடமளிக்கின்றன. ஒருவராக முறையிடுவதினும் தெருவினர் அனைவரும் கையெழுத்திட்டுக் காவல்துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுதுவது சிறந்தது. உடனே பலன் கிட்டாமற் போகலாம். ஊதுகிற சங்கை ஊதிவைப்போம்; விடிகிறபோது விடியட்டும்.

இம்முயற்சியில் மற்றொரு நன்மையும் உண்டு. கிளாஸ், சிங்கர் ஆகிய இருவரும் வேறொரு சோதனையில், இரைச்சலின் நடுவே அமர்த்தப்பட்டோருள் சிலரிடம், வேண்டுமாயின் இரைச்சலை நிறுத்தும் பொத்தான் ஒன்று உள்ளதென்று கூறினர். அவர்கள் அதை அழுத்தாதபோதும், பொத்தானில்லாதவரைவிடப் பின்னர் கொடுத்த வேலையைச் செவ்வனே செய்தனர். கைகட்டி நிற்பவனை ஒலி இருமடங்கு வருத்தும். செய்யத்தக்கதைச் செய்தவன் மனம் பாதி ஆறிவிடும்.

நற்கடைப்பிடி: இவையனைத்தும் செய்தபின்னும் எஞ்சும் ஒலி உண்டு. அதுவே தியானத்துக்குரிய பொருள். அமர்ந்து மூச்சில் கருத்தை வையுங்கள். ஹாரன் எழுந்தால் "கேட்கிறது" என்று மட்டும் அறியுங்கள். எழுவதையும் தேய்வதையும் மறைவதையும் நோக்குங்கள். ஊதியவன் யார், ஏன் ஊதினான் என்ற கதையைத் தொடங்காதீர்கள். தொடங்கிவிட்டால் அதையும் அறிந்து மூச்சுக்குத் திரும்புங்கள். முடிவில் அவ்வோட்டுநருக்கும் நடத்துநருக்கும் மைத்திரி செலுத்துங்கள். ஒலி மறைந்தாற்போல நடிக்க வேண்டாம். கேட்டும் கலங்காதிருத்தலே பயிற்சி, கேளாதிருத்தல் பயிற்சியன்று.

முடிவுரை

அவ்வம்மையாரிடம் மறுநாட்காலை நம் பிழையை ஒப்புக்கொண்டோம். உபாசகரும் நாமும் சேர்ந்து, சாமான் அடைத்திருந்த பின்னறையைக் காலிசெய்து, குழந்தையின் பலகையையும் பாயையும் அங்கே போட்டோம். பகவனின் படத்தையும் அவ்வறைக்கே கொண்டு சென்றோம். சாமான்கள் முன்னறைக்கு வந்தன. முன்னறை ஜன்னலின் சந்துகளை அடைத்தோம். சாலை இன்றும் அதே சாலைதான். ஆயினும் குழந்தை இரவில் விழிக்காமல் உறங்குகிறாள் என்றும், பாடத்தை உரக்க வாசிக்கையில் அவள் குரல் சமையற்கட்டு வரை தெளிவாகக் கேட்கிறது என்றும் பின்னர் கடிதம் வந்தது.

நாமும் ஊர் திரும்பிச் செவியைச் சோதித்துக்கொண்டோம். போனது வரப்போவதில்லை. இப்போது எவரேனும் தம் துன்பத்தைச் சொல்ல வந்தால், நல்ல செவியின் பக்கமாக அவரை அமரச் செய்து, முழுதும் கேட்டபின்னரே விடை கூறுகிறோம். அறம் உரைப்பவனுக்கு முதலில் வேண்டுவது கேட்கும் செவியன்றோ?

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. உங்கள் இல்லத்தில் மிக அமைதியான இடம் எது? அங்கே இப்போது இருப்பது பொருளா, குழந்தையா?

2. நீங்கள் பொறுமை என்று எண்ணுவதில் எவ்வளவு பயிற்சி, எவ்வளவு மரத்துப்போன நிலை?

3. உங்கள் வீட்டிலிருந்தும் உங்கள் சங்கத்திலிருந்தும் அண்டைவீட்டார் செவியில் தைக்கும் முள் யாது?

நமோ புத்தாய.